சந்தேகத்துக்கு இடமான

வாக்குமூலத்தில் நான்காம் பத்தி, இரண்டாம் வரி:
ஐ வாஸ் சஸ்பிஷியஸ்.
பின்னிரவு இரண்டே முக்காலுக்கு, ஜூரோங்கில்,
தூக்கக் கலக்கத்தில் வேறொருவர்
தமிழிலிருந்து கொண்டுபோய் வைத்த வரி.
அதைத் தமிழுக்குத் திருப்பிக் கூட்டிவரவேண்டியவள்
இன்று நான்.

ஹேவ்லாக் சதுக்கம். நீதிமன்றக் குளிருக்கு
எப்போதும் ஒரு சால்வை வைத்திருப்பேன்.
கண்ணாடிக் கூண்டுக்குள் மாயழகு, வயது இருபத்தொன்பது,
துவாஸில் கேபிள் இழுக்கிறவர்.
கொள்கலனிலிருந்து செம்புக் கம்பி காணாமல்போன இரவு
முதலில் போன் போட்டுச் சொன்னவரும் அவரே.

"நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே,
சஸ்பிஷியஸ் என்று?"
அரசுத் தரப்பு வழக்கறிஞர் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்.
எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

ஒரு மூச்சு நேரம் உண்டு எனக்கு.
அதற்குள் சொல்லைப் புரட்டுகிறேன்.
முகமும் முதுகும் ஒன்றான சொல்.
கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறவரும் சஸ்பிஷியஸ்,
பார்க்கப்படுகிறவரும் சஸ்பிஷியஸ்.
திருடனுக்கும் காவலாளிக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை.

தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது.
யாருக்கு, யார்மேல் என்று கேட்டுவிடும்.
எனக்குச் சந்தேகம் என்றால் நான் பார்த்தவன்.
என்மேல் சந்தேகம் என்றால் நான் பார்க்கப்பட்டவன்.
பள்ளியில் வேற்றுமை உருபுக்கு இரண்டு மதிப்பெண்.
இங்கே நான்காவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே
பதினெட்டு மாதம் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அறிவிப்புப் பலகைகளுக்கானது:
சந்தேகத்துக்கு இடமான.
சதுர அடி கணக்கில் மூச்சுவிடும் இந்தத் தீவில்
சந்தேகத்துக்கு மட்டும் தமிழ்
இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.
அதில் ஒரு விசித்திரம்,
வாடகை கட்டுவது குடியிருப்பவர் அல்ல,
இடம் கொடுத்தவர்.

ஐயம் என்றும் சொல்லலாம். யாருக்கும் புரியாது.
ஐயம் என்றால் பிச்சையும்தான், பழைய தமிழில்.
தீர்ப்பு நாளில் எப்போதாவது இரண்டும் ஒன்றாகிவிடும்:
சந்தேகத்தின் பலனை அவருக்கே அளித்து, என்பேன்,
ஏதோ ஒரு பிடி அரிசியை
ஏந்திய துண்டில் போடுவதுபோல.

மூச்சு தீர்ந்தது.
கை தூக்கினேன். யுவர் ஆனர்,
இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வழி.
சொல்லும்போது கொஞ்சம் கர்வம் இருந்தது எனக்கு,
மறைப்பதற்கில்லை.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"அன்றிரவு தமிழில் என்ன சொன்னார் என்று
அவரையே கேளுங்கள்."

கேட்டேன்.
மாயழகு கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.
"ஒரு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேங்க."

ஒரு மாதிரி.
எனக்கும் இல்லை, என்மேலும் இல்லை.
எழுவாய் என்று ஒன்று இருந்த தடமே இல்லை.
என் மொழியும் சட்டையைத் தைத்து வைத்திருக்கிறது,
அளவெடுக்காமலே.

"வாட் டஸ் இட் மீன்?"
சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
இட் டிபெண்ட்ஸ், யுவர் ஆனர்.
வியாழக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள்.

சைனாடவுனில் ரயில் ஏறினேன். இடம் கிடைத்தது.
பக்கத்து இடம் லிட்டில் இந்தியா வரைக்கும் காலியாகவே வந்தது.
நான்கு மொழிகளிலும் எச்சரித்தார்கள்,
கடைசியாகத் தமிழில்.
எதிர் இருக்கைக்குக் கீழே ஒரு சிவப்பு நெகிழிப் பை.
சிமெண்டு காய்ந்த பூட்ஸ் முனை
வாயில் துருத்திக்கொண்டிருந்தது.
நான் பையைப் பார்த்தேன்.
பையைப் பார்க்கும் என்னை ஒரு மாது பார்த்தார்.
அவர் கைப்பையை மடிக்கு நகர்த்தினார்.

செராங்கூனில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு
பெட்டியின் மறுகோடியிலிருந்து ஒருவர் வந்தார்.
குனிந்து பையை எடுத்தார்,
எங்கள் எல்லோரையும்
ஒரு மாதிரி பார்த்துவிட்டு.